எத்தனை லிட்டர் என்பது இரண்டாவது கேள்வி

மாட்டுச் சந்தையில் கறவை மாட்டின் பக்கத்தில் போய் நின்றதும், வாங்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?" என்பதுதான். தரகர் தயங்காமல் இருவேளைக்கும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்வார். அந்தக் கணக்குக்கு மடியும் சாட்சி சொல்ல வேண்டுமென்று முதல்நாள் மாலை கறக்காமலே ஓட்டி வந்திருப்பார்கள். பல் பிடித்துப் பார்ப்பது, எத்தனையாவது ஈத்து என்று விசாரிப்பது, சுழி பார்ப்பது எல்லாம் முடிந்தபின் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடியும். இவ்வளவு விசாரணையிலும் வாங்குகிறவரைப் பார்த்து "உங்க வீட்ல தீவனம் என்ன இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மாட்டின் தலையெழுத்தும் மாட்டுக்காரரின் தலையெழுத்தும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதற்கு ஒரே பதில் கிடையாது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் கிழக்கே உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. மனிதர்களுக்கு இது ஒரு மாவட்டம். மாட்டுக்கு இரண்டு வேறு நாடுகள். அரசுத் திட்டங்கள் மட்டும் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்கின்றன.

முதலில் சமவெளி. கோமுகி, மணிமுக்தா பாசனத்தில் நெல்லும் கரும்பும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சின்னசேலம் பக்கம் போனால் மக்காச்சோளமும் மரவள்ளியும். ஆக, இந்தச் சமவெளி மாடு தின்பது வைக்கோல், கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை, கொஞ்சம் கடலைக்கொடி, சேகோ ஆலைத் திப்பி. வயிறு நிரம்பும், பால் நிரம்பாது. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் பேருக்குத்தான். கரும்புத் தோகையில் இருக்கும் ஆக்சலேட் மாட்டின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக் காலத்தில் மாதக்கணக்கில் தோகையையே போட்டுவிட்டுத் தாது உப்புக் கலவையை மறந்தால், ஈன்ற மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொள்ளும். இல்லையென்றால் சினை பிடிக்காது. மரவள்ளி இலையும் இளம் சோளப்பயிரும் இன்னும் மோசம். இரண்டிலும் சயனைடு நஞ்சு உண்டு. வேலி தாண்டிய மாடு மரவள்ளிக் கொல்லையில் வயிறுமுட்ட மேய்ந்தால் மருத்துவர் வருவதற்குள் கதை முடிந்துவிடலாம். இலையை நன்றாக வாடவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அதே இலை புரதத் தீவனம்.

இந்தத் தீவனத்தை நம்பித்தான் ஜெர்சி வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவின் மாடு அது. அந்தத் தீவுக்காரர்கள் 1789-இல் வெளி மாடு உள்ளே வரக்கூடாதென்று சட்டம் போட்டு, 2008 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஒரே மந்தையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய இனம். சிறிய உடம்பு, பாலில் கொழுப்பு ஐந்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கறுப்பு வெள்ளையாக நிற்கும் ஹோல்ஸ்டீன் பிரீசியன், சுருக்கமாக எச்.எஃப்., நெதர்லாந்து, வட ஜெர்மனிப் புல்வெளிகளுடையது. அறுநூறு கிலோ உடம்பு, நிறையப் பால், ஆனால் கொழுப்பு மூன்றரையைச் சுற்றித்தான். ஆவின் சங்கமானாலும் தனியார் பால் வண்டியானாலும் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பற்ற திடப்பொருள்) பார்த்துத்தான் காசு போடுகிறார்கள். 2023 டிசம்பரில் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தபின் ஆவினில் பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்று வந்தது. தண்ணீர்ப் பாலாகப் பதினைந்து லிட்டர் ஊற்றிவிட்டு, பட்டுவாடா அன்று "டிகிரி நிக்கல" என்று பிடித்தம் வாங்கி வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு எச்.எஃப். கலப்பைவிட ஜெர்சிக் கலப்பு பொருந்துவதற்குக் காரணம் இதுதான்: சிறிய உடம்பு, குறைந்த தீனி, கெட்டிப் பால், வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் குணம்.

ஆனால் எவ்வளவு ஜெர்சி? இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறக்கும் முதல் தலைமுறைக் கிடாரி அருமையானது. இரண்டு பக்கத்து நல்லதும் அதில் தூக்கலாகத் தெரியும். அதைப் பார்த்த ஆசையில் அந்தக் கிடாரிக்கும் ஜெர்சி, அதன் மகளுக்கும் ஜெர்சி என்று போனால் வெளிநாட்டு ரத்தம் முக்கால், அப்புறம் முக்காலே அரைக்கால் என்று ஏறிவிடும். பால் அதே வேகத்தில் ஏறாது, சீக்குதான் ஏறும். சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். உண்ணிக் காய்ச்சல் வரும், மடிநோய் வரும். கோமாரி வந்தால் நாட்டு மாடு நான்கு நாள் நொண்டிவிட்டு எழும். கலப்பு மாடு பிழைத்தாலும் பால் திரும்பாது. நம் வெப்பத்துக்கு வெளிநாட்டு ரத்தம் பாதியளவில் நிற்பதே நல்லதென்று கால்நடை மரபியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பாதியில் நிறுத்த வேண்டுமானால் கலப்புப் பசுவுக்கு அரைக்கு அரை கலப்புக் காளையின் ஊசியைப் போட வேண்டும். அதற்கு முதலில் வாசலில் நிற்கும் பசு எத்தனை பங்கு என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. கையில் இருக்கிற விந்துக்குச்சியைப் போட்டுவிட்டுப் போவதுதான் நடக்கிறது.

லிட்டர் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நாளுக்குச் சராசரி எட்டு லிட்டர் வீதம் 300 நாள் கறந்து, பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈனும் மாடு ஒன்று. ஆறு லிட்டர் வீதம் அதே 300 நாள் கறந்து, பதின்மூன்று மாதத்தில் ஈனும் மாடு இன்னொன்று. முதல் மாட்டின் 2,400 லிட்டரை 540 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு நாலரை லிட்டர்கூட வராது. இரண்டாவதன் 1,800 லிட்டரை 395 நாளுக்கு வகுத்தால் நாலரையைத் தாண்டும். கறவை வற்றிக் கிடக்கும் நாளிலும் மாடு தின்னும் அல்லவா? அதையும் சேர்த்தால் ஆறு லிட்டர் மாட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். சினை தள்ளிப்போனால் கறவையும் சில வாரம் நீளும் என்பது உண்மை. அந்தக் கடைசிப் பால் தவிட்டுக்கும் காணாது. சந்தையில் மாட்டின் லிட்டரைக் கேட்கிறவர்கள், கடைசி இரண்டு கன்றுக்கும் நடுவே எத்தனை மாதம் என்று கேட்டால் தரகருக்கு வியர்க்கும்.

பத்து லிட்டர் மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோவும் என ஐந்தரை கிலோவுக்குக் குறையாமல் அடர்தீவனம் வேண்டும். இருபத்தைந்து கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ உலர்தீவனம், கோடையில் குடிக்க மட்டும் எழுபது எண்பது லிட்டர் தண்ணீர். கால் காணி நிலத்தில் கோ–4 கம்பு நேப்பியர் புல்லோ கோ எஃப்.எஸ். 29 சோளமோ போட்டு, வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைத்திருப்பவர் இந்த மாட்டை வாங்கலாம். எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கிப் போடுகிறவர் பால் விற்று மில்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்.

இன்னொரு பக்கம் நாட்டு மாட்டு மோகம். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நகரத்தில் 'ஏ2 பால்' மந்திரச் சொல்லாகிவிட்டது. நம் நாட்டு இனங்களின் பாலில் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம் இருப்பது உண்மை. ஏ1 பால் நோய் தரும் என்பது இன்றுவரை நிறுவப்படாத வாதம். அதைச் சொல்லிச் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறவருக்கு அது வியாபாரம். தியாகதுருகத்துச் சங்கத்தில் ஊற்றுகிறவருக்கு ஏ2 என்று தனி விலை கிடையாது. தவிர, நாட்டு மாடு என்று ஒரு மாடு கிடையாது. காங்கேயம் கவலை இறைக்கவும் பாரவண்டி இழுக்கவும் கொங்குநாட்டின் கொறங்காட்டில் வளர்ந்தது. உம்பளச்சேரி டெல்டாச் சேற்றில் கலங்காமல் உழுவதற்கு. பர்கூர் அந்தியூர் மலைக்காட்டில் பட்டியாக மேய்ந்து, காட்டுமாட்டின் கோபத்தோடு நிற்பது. புலிக்குளம் மதுரை, சிவகங்கைச் சீமையில் கிடை போட்டு வயலுக்கு எரு கொடுக்கும் மாடு. எல்லாமே உழைப்புக்கும் எருவுக்கும் உருவான இனங்கள். பால் கன்றுக்குப் போக வீட்டுக்கு இரண்டு மூன்று லிட்டர். இவற்றில் எதுவும் கள்ளக்குறிச்சி மண்ணுக்குரியதும் இல்லை. டிராக்டர் வைத்து உழுகிற சங்கராபுரத்து விவசாயி உணர்ச்சிவசப்பட்டுக் காங்கேயம் பசு வாங்கிப் பால் பண்ணை வைக்க நினைத்தால், அந்த மாட்டுக்கும் அநியாயம், அவர் பணத்துக்கும் அநியாயம்.

பாலுக்கென்றே உள்ள இந்திய இனங்கள் வேறு: கிர், சாகிவால், சிவப்புச் சிந்தி, தார்பார்க்கர். இந்தச் சிந்திக்கு நம் ஊரில் ஒரு கூத்து உண்டு. கலப்பு மாடு எதைப் பார்த்தாலும் 'சிந்து மாடு' என்பார்கள். உண்மையான சிந்தியைப் பார்த்தவர்கள் சொற்பம். கிர் மாட்டின் கதையோ வெட்கப்பட வேண்டியது. குஜராத்திலிருந்து போன அந்த மாட்டைப் பிரேசில்காரர்கள் பால் பதிவு எழுதி எழுதித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீனும் மூன்று பங்கு கிரும் சேர்ந்த கிரொலாண்டோ என்ற புது இனத்தையே நிலைநிறுத்தினார்கள். வெப்பநாட்டில் கலப்பினம் எந்தப் பங்கில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அதே பங்கில் நிறுத்திக் காட்டினார்கள். நம்மிடம் கிர் இருந்தது, நோட்டுப் புத்தகம் இல்லை.

எருமையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. வைக்கோலையும் தட்டையையும் தின்று ஏழு விழுக்காடு கொழுப்புள்ள பால் கொடுக்கிற பிராணி. ஏரித் தண்ணீர் இருக்கும் ஊருக்கு அதைப்போல் தோது வேறில்லை. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த எருமை, 2019-இல் 5.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதே காலத்தில் மாடுகள் 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாகக் கூடின. கறுப்பாக இருப்பதைத் தவிர எருமை செய்த குற்றம் என்னவென்று எனக்குப் புரியவில்லை.

இனி மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அடுத்த மாதமே கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அன்றிலிருந்து மலைக்குச் சாராயத்துக்கு மாற்றான வாழ்வாதாரம் வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. மாற்று வாழ்வாதாரம் என்றதும் அலுவலகங்களில் முதலில் எழுதும் சொல் 'கறவை மாடு'. 2011-இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டத்தில் ஆண்டுக்கு 12,000 பசுக்கள் என்று தமிழ்நாடு முழுவதும் கொடுத்துப் பார்த்த பழக்கம் அது. திட்டத்தைக் குறைசொல்ல வரவில்லை. பால் சங்கம் இருந்த ஊர்களில் அது பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது. மலைக்கு அதே மாட்டை ஏற்றுவதுதான் பிரச்சினை.

சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப். என்பது மாநிலத்தின் கலப்பினக் கொள்கையில் பழைய வாய்பாடு. அந்த வாய்பாட்டில் மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல். ஆறேழாயிரம் அடி உயரம், ஆண்டு முழுக்கக் குளிர், பச்சைப் புல், வண்டி போகும் சாலை. வெள்ளிமலையும் கரியாலூரும் சேராப்பட்டும் அப்படியா? இரண்டாயிரம், மூவாயிரம் அடி மேட்டில் கோடை காய்ந்துதான் கிடக்கும். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி விளையும் சரிவு நிலம், காட்டில் கடுக்காய். வைக்கோல் போர் அபூர்வம். இன்னாடு பக்கத்து ஒரு குக்கிராமத்தில் பத்து லிட்டர் மாடு ஒன்று கறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கறந்த பால் சில மணி நேரத்தில் குளிரூட்டியைச் சேர வேண்டும். சேராவிட்டால் டீக்கடைக்குப் போக மீதி மோர்தான். சினை ஊசி போட நைட்ரஜன் குடுவையோடு ஆள் வர வேண்டும். பருவம் தெரிந்து பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். இரவில் கன்று தடைபட்டால் கேட்கவே வேண்டாம்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வீட்டு மாடு குட்டையானது, கறுப்பும் செவலையுமாகப் பல நிறத்தில் நிற்பது. எந்த இனப்பட்டியலிலும் பெயர் இல்லாததால் அதிகாரிகள் 'வகைப்படுத்தப்படாதது' என்று எழுதிவிடுவார்கள். கறப்பது ஒன்றோ ஒன்றரை லிட்டரோ. அதை வைத்து மாட்டை எடை போடுவது தவறு. சரிவில் கால் வழுக்காமல் உழும். காட்டில் தானே மேய்ந்து தானே வீடு திரும்பும். மூட்டைத் தீவனம் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக எரு கொடுக்கும். மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும் சரிவு நிலத்தில் சாமைக்கும் மரவள்ளிக்கும் அதுதான் உரம். 1976-இல் ஜாகீர் முறை ஒழிந்து நிலம் அரசின் கைக்கு வந்த பிறகும் பட்டா கிடைக்காமல் உழுது கொண்டிருக்கும் குடும்பங்கள் மலையில் ஏராளம். பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் எட்டாது, கிணறு எட்டாது, ஆகவே பசுந்தீவனமும் எட்டாது. அவர்கள் கையில் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் விலைபோகும் மாட்டைக் கொடுத்தால், முதல் கோடையில் அது விற்கப்பட்டுக் கீழே இறங்கிவிடும். தப்பு மாட்டுக்காரருடையது என்று கோப்பில் எழுதுவார்கள்.

மலைக்கு வேண்டியது வேறு. இருக்கிற குட்டை மாட்டை முதலில் அளந்து, எண்ணி, அதில் நல்ல காளைகளைத் தேர்ந்து அங்கேயே விட வேண்டும். பால்தான் வேண்டும் என்றால், சாலையும் குளிரூட்டியும் வந்த ஊர்களில் மட்டும் சாகிவால், சிந்தி ரத்தத்தைக் கொஞ்சம் கலந்து மூன்று நான்கு லிட்டருக்குக் கொண்டுபோகலாம். மேய்ச்சலுக்கும் ஒரு முடிவு வேண்டும். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் வனமேய்ச்சலுக்கு முழுத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. வன உரிமைச் சட்டம் 2006 மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஒப்புக்கொள்கிறது. அந்த உரிமை ஊர் ஊராகப் பதிவானால், வாங்காத தீவனம் மலைக்காரருக்கு நிலைக்கும்.

இறைச்சிக்குக் கால்நடை என்ற பேச்சை நம் விவசாயக் கட்டுரைகள் கவனமாகத் தாண்டிப் போகும். மாட்டுக்காரர் தாண்டிப் போக முடியாது. ஆங்கஸ், ஹெர்போர்டு மாதிரி கறிக்கென்றே வளர்த்த இனம் இந்தியாவில் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் பிரேசிலின் மாட்டிறைச்சி மந்தையில் பெரும்பகுதி நெலோர் என்ற இனம். நம் பக்கத்து ஆந்திரத்து ஓங்கோல் மாடுதான் நெல்லூர்ப் பெயரில் அங்கே போய் அப்படி ஆனது. நமக்கு இறைச்சி, கறவையும் உழவும் முடிந்தபின் வரும் கடைசி வருமானம். தமிழ்நாட்டில் 1958 சட்டப்படி பத்து வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத கால்நடையைச் சான்றிதழோடு அறுக்கலாம். பசுவை அறுக்க 1976-இல் அரசாணை தடை போட்டது. 2017 மே மாதம் சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, சில நாளிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. உச்சநீதிமன்றம் அந்த நிறுத்திவைப்பை நாடு முழுதுக்கும் விரித்தது. அந்தச் சில வாரங்களில் கறவை மாட்டு விலையே ஆட்டம் கண்டதற்குக் காரணம் உண்டு. வயதான மாட்டை விற்ற காசில்தான் அடுத்த கிடாரி வருகிறது. பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்துக்குப் போகும் வண்டியைத் திட்டுகிறவர்கள், பால் வற்றிய மாட்டுக்குப் பத்து ஆண்டு தீவனம் யார் போடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் பாவப்பட்டது கலப்பினக் காளங்கன்று. திமில் இல்லாததால் நுகத்தடி சரியாக உட்காராது, வெயிலில் ஏர் இழுக்காது, கறிக்கும் சதை பிடிக்காது. பிறந்த சில வாரத்தில் பால் கொடுக்காமல் விட்டே கொன்றுவிடும் வழக்கம் எத்தனையோ தொழுவங்களில் இருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரி பிறக்கும் பாலினம் பிரித்த விந்துக்குச்சி இப்போது ஊட்டியிலேயே தயாராகிறது. அது வேண்டியவருக்கு மலிவாகவும் நேரத்துக்கும் கிடைத்தால், இந்தக் கொலை தானே குறையும்.

சேலம் மாவட்ட எல்லையில், தலைவாசல் அருகே, ஆயிரத்து நூறு ஏக்கரில் ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட்டு 2021-இல் திறந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. அதன் மதில் தாண்டினால் சின்னசேலம். வடக்கே தெரிவது கல்வராயன். சமவெளி, மலை என்ற இந்த இரண்டு நாடுகளின் மாட்டுக்காரர்களுக்கும் நடுவே இதைவிடப் பொருத்தமான இடத்தில் அந்த நிலையம் அமைந்திருக்க முடியாது. உள்ளே எல்லா இனத்தையும் கட்டிக் காட்சிக்கு வைத்திருப்பதைவிட, வெளியே வந்து ஒரு வேலை செய்யலாம். சினை ஊசிக் குச்சி ஒவ்வொன்றிலும் காளையின் எண் அச்சடித்தே வருகிறது. ஊசி போட்டதும் குச்சி குப்பைக்குப் போகிறது. மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதைப் பெரும்பாலும் தடுப்பூசிக் கணக்குக்குத்தான் படிக்கிறார்கள். குச்சியின் எண்ணையும் காதின் எண்ணையும் சங்கத்துப் பால் அளவையும் ஒன்றாக எழுதும் பழக்கத்தைச் சின்னசேலம் ஒன்றியத்தில் தொடங்கலாம். கூடவே கல்வராயன் மலையின் பெயரில்லா மாட்டை ஊர் ஊராக அளக்கலாம். ஐந்து ஆண்டு போதும். அப்புறம் சந்தையில் ஒருவர் காதுவில்லையைக் கைப்பேசிக்குக் காட்டினால், அந்த மாட்டில் எத்தனை பங்கு ஜெர்சி, கடைசிக் கன்று எப்போது, அதன் தாய் எத்தனை நாள் கறந்தது என்று தரகரைக் கேட்காமலே தெரியும். கறக்காமல் மடி கட்டவிட்டு ஓட்டி வருவதும் வீண் வேலையாகும்.